தேதி சொல்லிவிட்டு வரவும்

வாலிகண்டபுரத்தில் மலர்கொடியிடம் யார் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "சாமிதுரை எப்ப வர்றாரு?" பால் சொசைட்டியில் கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். பெரம்பலூர் டவுன் பஸ் கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால் கேட்பார்.

சாமிதுரை மஸ்கட்டுக்குக் கிரேன் ஓட்டப் போய்ப் பதிமூன்று வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் மலர்கொடி எல்லோருக்கும் விவரமாகத்தான் பதில் சொன்னாள். விசா, லீவு, கம்பெனி, அரபி முதலாளியின் குணம் என்று ஒன்று விடாமல் விளக்கினாள். நான்காவது வருஷம் தொண்டை வறண்டுவிட்டது. அதிலிருந்து ஒரே பதில். "வெங்காயம் புடுங்கறதுக்குள்ள வந்துடுவாரு." எந்த வருஷத்து வெங்காயம் என்று அவளும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

வரவே வராத மனிதர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு மாச லீவில் வருவார். அந்த ஒரு மாசத்தில் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போய்விடும். மீதிப் பாதியில் ஓடாமல் நின்ற மோட்டார், ஒழுகுகிற மாடி, ஆதார் கார்டில் தப்பாக விழுந்த பெயர் என்று அலைவார். கிளம்பும்போது விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம் சொல்வார்: "அடுத்த தடவ கேன்சல்ல வந்துடறேன் மலரு." விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதற்கு வளைகுடாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. மலர்கொடி தலையாட்டுவாள். அவர் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருப்பாள், கழுத்துக்குப் பழகிவிட்டது.

காத்திருக்கிற பெண்சாதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஊருக்கு நிறைய அபிப்பிராயம் இருந்தது. அவள் புதுச்சேலை கட்டினால், "யாரு பாக்கறதுக்கு?" என்றார்கள். பழசைக் கட்டினால், "வெளிநாட்டுக்காரர் சம்சாரம் இப்படியா இருக்கறது?" என்றார்கள். சிரித்துப் பேசினால் கவலையே இல்லாதவள். பேசாமல் போனால், "போன்ல சண்டை போல." பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமிக்கு இவள் முகத்தைப் பார்த்து மஸ்கட் நிலவரம் சொல்வதில் தனித் திறமை உண்டு. ஒரு நாள் மலர்கொடிக்குப் பல்வலி. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் சாமிதுரைக்கு வேலை போய்விட்டது என்று எளம்பலூர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

இதற்கு நடுவில் ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டாள். இரண்டு மாடு கறந்தாள். மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டாள். பாம்பு அடித்தாள். மகள் முத்தமிழைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, பெரம்பலூரில் காலேஜிலும் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை தோறும் போனை மிக்ஸியில் சாய்த்துவைத்து வீடியோவில் பேசினாள். அவர் அங்கிருந்து, "உனக்குப் பின்னாடி செவுத்துல அது என்னா ஈரம்?" என்று கேட்பார். இவள் போனை இன்னொரு பக்கம் திருப்பிவைப்பாள். ஈரம் போய்விடும்.

முத்தமிழ் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம். மாசி மாதத்தில் ஒரு நாள் காலேஜிலிருந்து வந்தவள், பையை வைத்துவிட்டு அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள். மலர்கொடி அப்போது பட்டறையில் இருந்து கூடையில் அள்ளிவந்த வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டறை என்றால் தென்னங்கீற்றும் குச்சியும் வைத்துத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிய வெங்காயக் கூண்டு. காற்று உள்ளே போய்வர வேண்டும், இல்லையென்றால் ஒன்று அழுகி ஊரையே அழுகவைத்துவிடும்.

"அம்மா, எனக்கு செமினார் குடுத்துருக்காங்க. கிரேக்க நாட்டுப் பழைய காவியத்துல, புருஷனுக்காகக் காத்திருந்த ஒரு ராணியோட கஷ்டங்கள். இருபது நிமிஷம் பேசணும்."

"நல்லதாப் போச்சு. எத்தன வருஷம் காத்திருந்தா?"

"இருபது."

மலர்கொடி கையை நிறுத்தினாள். போட்டியில் தோற்றவள் போல ஒரு பெருமூச்சு. "சரி சொல்லு. எந்த நாட்டுக்குப் போனான்?"

"சண்டைக்குப் போனாரும்மா, ராஜா. சண்டையே பத்து வருஷம். அது முடிஞ்சு வூட்டுக்கு வர்ற வழியில பத்து வருஷம்."

"வழியிலயா? பத்து வருஷமா?" மலர்கொடிக்கு நம்ப முடியவில்லை. "எந்த ஏஜெண்ட்டு மூலமா போனான் அவன்?"

முத்தமிழ் சிரித்துவிட்டு, கடல், புயல், ராட்சசன், தீவில் பிடித்துவைத்துக்கொண்ட ஒரு தேவதை என்று சொல்லிக்கொண்டே போனாள். தேவதை வந்ததும் மலர்கொடி தலையை நிமிர்த்தினாள்.

"எத்தன வருஷம் வச்சிருந்தா?"

"ஏழு."

"ம்ம். புயலுன்னு சொன்னியே, நானும் பாவமேன்னு நெனச்சேன்."

"இவளுக்கு இங்க என்ன கஷ்டம்னு கேளும்மா. ராஜா செத்துட்டாருன்னு நெனச்சு, ராணியக் கட்டிக்கணும்னு நூத்தியெட்டு பேரு வந்து அரமனையிலயே உக்காந்துட்டாங்க. தெனம் ஆடு அடிச்சு, மாடு அடிச்சு, பன்னி அடிச்சுத் தின்னு தீத்தாங்க. வருஷக்கணக்கா."

"யாரு சமைச்சது?"

"வேலைக்காரங்கதான். ஐம்பது வேலைக்காரிங்க இருந்தாங்க."

"பாத்திரம் யாரு வெளக்குனது?"

"அவங்கதாம்மா."

மலர்கொடி ஒரு அழுகல் வெங்காயத்தைத் தூரமாக வீசினாள். "அப்ப அவளுக்கு என்னாடி கஷ்டம்? ஒம் பெரியப்பன் வூட்டுக் காதுகுத்துக்கு வந்து பதினோரு பேரு நாலு நாளு தங்குனாங்களே, நான் ஒரு மாசம் முதுகு நிமிராம கெடந்தேன். அத எழுதிக்க."

முத்தமிழ் எழுதிக்கொள்ளவில்லை. ராணி செய்த தந்திரத்தைச் சொன்னாள். மாமனாருக்கு ஒரு ஈமத்துணி நெய்து முடித்தால்தான் மறுகல்யாணம் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை எல்லாம் இரவில் பிரித்துவிடுவாளாம். மூன்று வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லையாம்.

"இது நடந்திருக்காது," என்றாள் மலர்கொடி, தீர்ப்பு சொல்வது போல. "மூணு வருஷமா துணி வளரலன்னு ஒருத்திக்கும் தெரியலையா? அந்த ஊர்ல நம்ம பாக்யக்கா மாதிரி யாருமே இல்லியா? மூணாம் நாளே வந்து, என்னா மலரு, நேத்து இருந்த எடத்துலயே இருக்கு தறின்னு கேட்டிருக்கும்." கொஞ்ச நேரம் பொறுக்கிக்கொண்டே இருந்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டாள். "கடைசியில வந்தானா?"

"வந்தாரு."

"எப்படி வந்தான்?"

முத்தமிழ் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். "அது அப்புறம் சொல்றேம்மா. எனக்கு ஒரு போன் பேசணும்," என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். மலர்கொடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு ஒரு போன் பேச வேண்டியிருப்பது உலக அதிசயமில்லை.

அது நடந்து பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணி. மலர்கொடி வாசலில் உட்கார்ந்து வெங்காயத்தைத்தான் கிளறிக்கொண்டிருந்தாள். சாயம் போன நைட்டி, மேலே ஒரு ஈரிழைத் துண்டு, தலையில் எண்ணெய் வைத்து முடிந்த கொண்டை, அதில் இரண்டு வெங்காயச் சருகு. முத்தமிழ் அன்று காலேஜுக்குப் போகவில்லை. லீவு என்றாள். லீவு நாளில் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, கேட்காமலே வாசல் கூட்டியது மலர்கொடிக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. இப்போது போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள், மூக்குக்கு மேல் மாஸ்க், முதுகில் கொரியர்காரர்கள் மாட்டுகிற பெரிய கறுப்புப் பை, பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெட்டி. இறங்கினார். வண்டியை ஸ்டாண்டு போட்டார். போட்டுவிட்டு இடது கையை இடுப்பில் வைத்து, வலது காலில் சாய்ந்து நின்றார்.

அவ்வளவுதான். மலர்கொடிக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது சாமிதுரை அப்படித்தான் நின்றார். அவளுடைய அப்பா, "மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதும் கோளாறா?" என்று தரகரிடம் ரகசியமாக விசாரித்தார்.

எழுந்து ஓடிவிடத்தான் இருந்தாள். கை கூடையின் விளிம்பைப் பிடித்து ஊன்றிவிட்டது. அந்த ஒரு நொடியில் தன் நைட்டியைப் பார்த்தாள். வீட்டில் மீன் இல்லை, கறி இல்லை, காலையில் வடித்ததுகூட இல்லை, நேற்றைய பழைய சோறுதான் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. போர்வை துவைக்கவில்லை. கதவோரம் மகளின் போன் தன் முகத்துக்கு நேராக, அசையாமல், அவள் எப்போது அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பதிமூன்று வருஷம் காத்திருந்ததை மூன்று நிமிஷ வீடியோவாக்கி, நாளைக்கு யார் யாரோ பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

மலர்கொடி கூடையை விட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"யாருங்க?"

"கொரியருங்க." குரலைக் கட்டையாக்கிக்கொண்டு பேசினார். "மலர்கொடிங்கறது?"

"நான்தான். ஓடிபி வரலையே?"

ஹெல்மெட்டுக்குள் ஒரு தடுமாற்றம். "ஓடிபி… அதெல்லாம் வேண்டாங்க. இதுக்கு ஓடிபி கெடையாது."

"ஓடிபி இல்லாம எதையும் வாங்கக்கூடாதுன்னு எம் பொண்ணு சொல்லியிருக்காங்க. இந்தா நிக்குது, படிச்ச பொண்ணு. கேளுங்க." முத்தமிழ் போனைப் பிடித்த கையோடு முழித்தாள். "வந்தப்புறம் வாங்கிக்கறேன். அதுவரைக்கும் அந்த மோட்டார் ரூமு பக்கம் நில்லுங்க. வூட்ல ஆம்பள இல்ல."

மோட்டார் ரூம் பக்கம் நிழல் இல்லை. சாமிதுரை அங்கே போய் நின்றார். ஹெல்மெட்டோடு, மாஸ்க்கோடு, மாசி வெயிலில். மலர்கொடி வெங்காயம் பொறுக்கினாள். இவ்வளவு கவனமாக அவள் வாழ்நாளில் பொறுக்கியதில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, வேரைப் பார்த்து, முகர்ந்து வைத்தாள். பாக்யலட்சுமி மதில் ஓரம் வந்து நின்று, என்ன விஷயம் என்று கண்ணாலேயே கேட்டாள். "கொரியர்," என்றாள் மலர்கொடி.

கால்மணி நேரம் போயிருக்கும். சாமிதுரையால் பேசாமல் இருக்க முடியவில்லை. "ஏங்க, உங்க வூட்டுக்காரரு எங்க?"

"வெளிநாட்ல."

"எப்ப வர்றாரு?"

"வெங்காயம் புடுங்கறதுக்குள்ள."

"வெங்காயந்தான் புடுங்கியாச்சே!"

"அப்ப அடுத்த வெங்காயத்துக்கு."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். மாஸ்க்கை இழுத்தார். வேர்வை முகமெல்லாம் வழிந்தது. தலைக்குப் போட்ட மை காதோரம் கறுப்புக் கோடாக இறங்கியிருந்தது. "மலரு! நாந்தான்! தெரியலையா?"

மலர்கொடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு தேதி சொல்லாம வரமாட்டாருங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

சாமிதுரை மகளைப் பார்த்தார். மகள் போனைக் கீழே இறக்கினாள். மதிலோரம் பாக்யலட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கே ஒன்றும் சொல்லத் தோன்றாத முதல் நாள் அது.

கதவு திறக்க அரைமணி ஆனது. முத்தமிழ்தான் ஜன்னலோரம் நின்று கெஞ்சினாள். எல்லாம் தன் யோசனைதான் என்று ஒப்புக்கொண்டாள். அந்தக் கதையில் ராஜா பிச்சைக்காரன் வேஷத்தில், யாருக்கும் தெரியாமல் திரும்பி வருவான். அதைப் படித்தபோதுதான் தோன்றியது. அப்பா ஏற்கெனவே கேன்சல் போட்டுவிட்டிருந்தார். அம்மாவிடம் சொல்லாதே என்று சொன்னதும் அப்பாதான், ஆனால் கொரியர் வேஷம் தன்னுடையது.

"கேன்சலா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆமா மலரு," என்றார் சாமிதுரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "இனிமே போறதில்ல. ஒரேயடியா வந்துட்டேன். அதான் சந்தோஷமா ஒரு சர்ப்ரைசா…"

தாழ்ப்பாள் திறந்தது. மலர்கொடி முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"ஏங்க, இத்தன வருஷமா நான் எதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்னு நெனைக்கறீங்க? எப்ப வருவீங்கன்னே தெரியாம காத்துக்கிட்டிருந்தது ஒரு காத்திருப்பா? அது சும்மா கெடக்கறது. தேதி தெரிஞ்சப்புறம் ஒரு பத்து நாளு இருக்கு பாருங்க, அதுதாங்க காத்திருக்கறது. வூட்டுக்கு வெள்ளையடிப்பேன். போர்வ தொவைப்பேன். வெறாலு மீனு சொல்லிவைப்பேன். கேக்கறவங்களுக்கெல்லாம் இன்ன தேதி, இன்ன மணின்னு சொல்லுவேன். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா எனக்குன்னு இருந்ததே அந்தப் பத்து நாளுதான். கடைசித் தடவ, கேன்சல்ல வர்ற தடவ, அதைப் போயி எடுத்துக்கிட்டீங்களே."

சாமிதுரைக்கு இது புதுச் செய்தி. வீட்டில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் சுவர் வெள்ளையாக இருந்ததை, அது எப்போதும் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருந்தார்.

மலர்கொடி பழைய சோற்றில் மோர் ஊற்றி, நாலு வெங்காயம் உரித்துவைத்தாள். அவர் தின்ற வேகத்தைப் பார்த்து இன்னும் ரெண்டு உரித்தாள். தின்று முடித்துக் கைகழுவி வந்ததும் சொன்னாள்.

"ஒங்க அக்கா வூட்டுக்குப் போயிட்டு, பத்து நாளு கழிச்சு வாங்க. தேதி சொல்லிட்டு வாங்க."

சாமிதுரை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது பேரம். அவர் ரெண்டு நாளில் ஆரம்பித்தார். பாக்யலட்சுமி மதிலைத் தாண்டி உள்ளேயே வந்து, "அஞ்சு நாளு வச்சுக்க மலரு," என்று மத்தியஸ்தம் பண்ணினாள். ஒன்பதில் முடிந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு. சாமிதுரை இரவல் வாங்கிய பைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்காமலே மத்தியானப் பஸ்ஸில் ஏறினார்.

அக்கா ஜெயலட்சுமி வாழ்க்கைப்பட்டது தா.பழூரில். தம்பி பெட்டியோடு வந்து நின்றதும் பதறிப்போய் மலர்கொடிக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "நீ ஒண்ணும் கவலப்படாத மலரு. ஒம்பது நாளும் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க அண்ணி. எண்ணெய்ப் பலகாரம் மட்டும் ரொம்பக் குடுக்காதீங்க."

பார்த்துக்கொண்டாள். சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பல மாடி உயரத்துக்கு இரும்பைத் தூக்கிவைத்த மனிதரை ஒரு குச்சியைக் கொடுத்து ஆடு விரட்ட உட்காரவைத்தாள். சாமிதுரை காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை போன் செய்தார்.

"மலரு, மணியே போகமாட்டேங்குது."

"அப்படியா? அங்க கடிகாரம் ஏதும் நின்னு கெடக்கா பாருங்க."

"மஸ்கட்ல இருந்தப்பகூட இப்படி இல்ல. அங்க வேலை இருந்துச்சு. இங்க ஆட்டப் பாத்துக்கிட்டு, நாளு எண்ணிக்கிட்டு… என்னா பண்ணிக்கிட்டிருக்க நீ?"

"எனக்குப் பேச நேரமில்லீங்க. வூட்டுக்காரரு வர்றாரு, வேல தலைக்கு மேல கெடக்கு," என்று வைத்துவிடுவாள்.

வேலை உண்மையாகவே கிடந்தது. மூன்று நாளில் வீடு வெள்ளையானது. ஈரம் காட்டிய அந்தச் சுவருக்கு ஆள் வைத்துச் சிமெண்டே பூசிவிட்டாள். போர்வை, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் கொடியில் ஆடின. டெய்லரிடம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்து, கை கொஞ்சம் பஃப் வைக்கச் சொன்னாள். பால் சொசைட்டிக்குத் தானே நடந்துபோய், யாரும் கேட்பதற்குக் காத்திருக்காமல், "சனிக்கெழம நாலு மணிக்கு வர்றாருங்க," என்றாள்.

"அன்னிக்கே வந்தாரே? நானே பாத்தேனே," என்றார் அங்கே ஒருவர்.

"அது கொரியர்காரருங்க," என்றாள் மலர்கொடி.

நடுவில் திங்கட்கிழமை முத்தமிழின் செமினார். இருபது நிமிஷம் பேசினாள். நூற்றியெட்டு பேர், வேலைக்காரிகள், துணி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக இன்னொரு கஷ்டம் சேர்த்தாள். இருபது வருஷம் காத்திருந்தவளிடம் ராஜா தேதி சொல்லாமல் வேஷம் போட்டு வந்தான். வரப்போகிறான் என்று தெரிந்து காத்திருக்கிற கடைசிச் சில நாளின் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கஷ்டத்தைப் பற்றிக் காவியத்தில் ஒரு வரியும் இல்லை. ஆசிரியர் அறிவரசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாருக்கும்மா. ஆனா மூலத்துல அப்படி ஒரு கோணமே கெடையாதே?"

"எழுதினவரும் வெளியூர் போயிட்டு வந்தவரா இருப்பாரு சார்," என்றாள் முத்தமிழ். "வூட்ல இருந்தவங்களக் கேட்டிருக்கமாட்டாரு."

அறிவரசன் சிரித்தார். பின் வரிசையில் இரண்டு பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் யாரோ வெளியே போயிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மலர்கொடி மூன்று மணிக்கே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். முத்தமிழ் கூட வருகிறேன் என்றாள். "நீ வெறாலு கொழம்பப் பாத்துக்க. அடி புடிச்சுடப்போவுது," என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அரக்குச் சேலை, புது ஜாக்கெட், இரண்டு முழம் மல்லிகை. ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கிக்கொண்டு, அரியலூர் பஸ்கள் வந்து நிற்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு வந்த பஸ்ஸில் அவர் இல்லை. நாலரை பஸ்ஸிலும் இல்லை. போன் செய்தார். விக்கிரமங்கலம் தாண்டி வரும்போது பஸ் பஞ்சர், அரியலூர் வந்து சேர்ந்தால் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று மூச்சு வாங்கச் சொன்னார். குரலில் அழுகையே இருந்தது. "மலரு, போயிடாத. வந்துக்கிட்டே இருக்கேன்."

"நிதானமா வாங்க. நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். மனசார சொன்னாள். பஸ்கள் வருவதையும், ஆட்கள் இறங்குவதையும், இறங்கியவர்களைத் தேடி வந்தவர்கள் பையை வாங்கிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டு, கடலையை ஒவ்வொன்றாகத் தின்றாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டதற்கு முழு விவரமும் சொன்னாள்.

ஐந்தே காலுக்கு வந்த பஸ்ஸில் முதல் ஆளாகப் படியில் தொங்கிக்கொண்டு வந்தார். பெட்டி ஒரு கையில், அக்கா கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை தோளில். களத்து வெயிலில் முகம் கறுத்திருந்தது. பஸ் நிற்பதற்குள் இறங்கி, இரண்டு எட்டு ஓடி, அவள் முன்னால் நின்றார்.

"வந்துட்டேன் மலரு."

மலர்கொடி எழுந்தாள். கடலைத் தோலை முந்தானையிலிருந்து தட்டினாள். அவள் சிரிக்க நினைத்தாள்; அழுகைதான் வந்தது. அத்தனை கூட்டத்தில், ஒரு போனும் தன்னைப் பார்க்காத நிம்மதியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாகவே அழுதாள். சாமிதுரை மூட்டையைக் கீழே வைக்கவும் தெரியாமல் தூக்கவும் தெரியாமல் நின்றார்.

"வாங்க, டவுன் பஸ்ஸு போயிடும்," என்றாள் கடைசியில்.

டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்குப் பின்பக்கம் ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது, அவருக்கு மூன்று சீட்டு முன்னால். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். உச்சிக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, முடி இல்லாமல் வழுக்கை விழுந்திருந்தது. போன தடவை வந்தபோது அங்கே முடி இருந்தது. மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பேசியிருக்கிறார்கள், ஆனால் வீடியோவில் எப்போதும் முகத்தைத்தானே காட்டுவார்கள். பின்னந்தலையை யார் காட்டுகிறார்கள்? அந்த வழுக்கைக்கு எப்போது தொடக்கம், எந்த மாதத்தில் அது காசளவு இருந்தது, எப்போது உள்ளங்கையளவு ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அவருக்குப் பின்னால் நின்று பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?

எளம்பலூர் கை காட்டி தாண்டுவதற்குள் அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூங்கிவிட்டார். பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில் விழுந்து, நிமிர்ந்து, மறுபடி விழுந்தார்.

வாலிகண்டபுரம் வந்ததும் மலர்கொடி எழுந்து முன்னால் போனாள். அரிசி மூட்டையை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் தோளைத் தட்டினாள்.

"எந்திரிங்க. எறங்கணும்."

அவர் திடுக்கிட்டு விழித்து, எந்த ஊர் என்று தெரியாதவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினார்.